அந்தச் சின்ன எலும்பை வைத்து நரியின் பருமனைச் சொல்லலாமா?

தம்பி, கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று பின்னிக் கிடக்கின்றன. கன்னியாவுக்குப் போகும் வழியில் பற்றைக்குள் கிடந்த நரி எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில், எந்த மூட்டோடும் பொருந்தாமல் தனியாகக் கிடந்த ஓர் எலும்பைக் கண்டிருக்கிறீர்கள். 6 செ.மீ. அளவு நீளம், ஒரு பக்கம் வாய்க்கால் போலக் குழிவு. ஊரில் ஒருவர் அது நரிக்கொம்பு என்றார், இன்னொருவர் ஆணுறுப்பு எலும்பு என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் சரி. நரிக்கொம்பு என்று சனம் நம்பி வைத்திருப்பது மண்டையோட்டில் முளைப்பதாகச் சொல்லப்படும் கூர். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதற்கு மேல் நீங்கள் கேட்டது: இதன் நீளத்தைக் கொண்டு நரி எவ்வளவு பெரியது என்று கணிக்கலாமா, கீரி, மரநாய், நீர்நாய் போன்ற சிறிய ஊனுண்ணிகளிலும் பெரிய உடம்புக்குப் பெரிய எலும்பு என்ற கணக்கு நிற்குமா, அப்படியென்றால் பூனையில் ஏன் அது கண்ணிலேயே படுவதில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மிருக வைத்தியம் பார்த்தவன். அதில் பெரும்பகுதி திருகோணமலை மாவட்டத்தில். இந்த எலும்போடு என் பழக்கம் நாய்களின் வழியாக வந்தது, ஆய்வுகூடத்தின் வழியாக அல்ல. காட்டு விலங்குகளில் நான் கையில் எடுத்துப் பார்த்தவை வீதியில் அடிபட்டுச் செத்தவை மட்டும்தான். ஆகவே நாயைப் பற்றிச் சொல்வது கைப்பட்ட அறிவு, மற்றவை இந்தத் துறையில் எழுதப்பட்டவற்றைப் பல வருடங்களாக வாசித்து வந்ததால் சொல்வது. அந்த வேறுபாட்டை மனதில் வைத்து வாசியுங்கள்.

நாயிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நரியும் அதே குடும்பம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் தம்பலகாமம் பக்கமிருந்து ஓர் ஆண் நாயைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகச் சிறுநீர் போகவில்லை, வயிறு பறை போல இறுகிக் கிடந்தது. கத்தீற்றரை விட்டேன். கொஞ்சத் தூரம் தடையில்லாமல் போனது, பிறகு சடாரென்று நின்றது. பாதை சுருங்கிவிட்டது என்று நினைத்து அழுத்தப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மூத்த வைத்தியர் என் கையைப் பிடித்து நிறுத்தி, வெளியே தோலுக்கு மேல் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். விரலுக்கு அடியில் பென்சில் போல ஒரு கட்டை, அதன் பின்முனையில் கத்தீற்றர் நின்ற இடம். எக்ஸ்ரே எடுத்தபோது அந்த எலும்பின் பின்முனைக்குச் சரியாகப் பின்னால் மூன்று கற்கள் வரிசையாக நின்றன. நாயில் சிறுநீர்க்குழாய் அந்த எலும்பின் அடிப்பக்கக் குழிவுக்குள்ளாகப் போகிறது. மற்ற இடத்தில் குழாய் விரிந்து கொடுக்கும். எலும்பு வாய்க்காலுக்குள் நுழைந்த பிறகு விரிய இடமில்லை. அதனால் கல் அந்த வாசலில்தான் சிக்கும். நீங்கள் கண்ட குழிவு அதுதான். வளர்ந்த பெரிய நாயில் இந்த எலும்பு 10 செ.மீ. வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும்.

இதன் விஞ்ஞானப் பெயர் பக்குலம். இலத்தீனில் சிறு தடி என்று பொருள். ஊனுண்ணிகள், கொறிணிகள், வௌவால்கள், குரங்கினங்களில் பல, மூஞ்சூறு போன்ற பூச்சியுண்ணிகளில் சில ஆகியவற்றில் இது உண்டு. மனிதனில் இல்லை, மாட்டில் இல்லை, யானையில் இல்லை. ஊனுண்ணிகளுக்குள்ளேயே கழுதைப்புலிக்கு இல்லை. ஒருமுறை தோன்றி அப்படியே வழிவழியாக வந்த உறுப்பு இதுவல்ல என்பதற்கு இந்தப் பரவலே ஒரு சாட்சி. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பாலூட்டிகளின் வம்சவரிசையில் இது குறைந்தது 9 தடவை தனித்தனியாகத் தோன்றி 10 தடவை அழிந்திருக்கிறது என்று கணக்கிட்டது. அதே வருடம் இலண்டனில் பிரிண்டில், ஓப்பி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, ஊனுண்ணிகளுக்கும் குரங்கினங்களுக்கும் பொது மூதாதையாக இருந்த விலங்கிடம் இது ஏற்கெனவே இருந்தது என்றது. இரண்டும் முழுக்க ஒத்துப்போகவில்லை. எத்தனை தடவை தோன்றியது என்பது இன்னும் வாதத்தில் உள்ள விஷயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உடம்பும் எலும்பும். முதலில் இனத்துக்கு இனம் ஒப்பிடுவோம். ஒரே குடும்பத்துக்குள் பார்த்தால் பெரிய இனத்துக்குப் பொதுவாகப் பெரிய எலும்புதான். நீர்நாய்க் குடும்பத்தை எடுங்கள். ஐரோப்பாவில் ஸ்டோட் என்ற சிறு விலங்கு, கால் கிலோவை ஒட்டிய எடை. அதன் எலும்பு இரண்டரை செ.மீ. அளவு. ஒரு கிலோவை ஒட்டிய அமெரிக்க மிங்க்கில் 4 செ.மீ.க்கு மேல். நம் கந்தளாய்க் குளத்திலும் வயல் வாய்க்கால்களிலும் திரியும் நீர்நாயில் 6 செ.மீ. அளவு. ஏறுவரிசை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் குடும்பத்தை மாற்றிப் பாருங்கள். சிங்கத்தின் எலும்பு சுண்டுவிரல் நகத்தளவுதான். ஒரு கிலோ மிங்க்கினுடையது, 150 கிலோவைத் தாண்டிய சிங்கத்தினுடையதைவிடப் பல மடங்கு நீளம்! வட அமெரிக்க ரக்கூன் ஊர் நாயைவிடச் சிறியது, அதன் வளைந்த எலும்பு 10 செ.மீ.ஐத் தொடும். வால்ரஸில் அது 60 செ.மீ. வரை போகும். நம் வீட்டு முகட்டில் ஓடித் திரியும் மரநாய்க்கும், வேலிக்குள் நுழையும் கீரிக்கும் உடம்போடு ஒப்பிடும்போது சிறிய எலும்புதான். ஆக, ஒரு விலங்கின் எடையை மட்டும் சொன்னால் எலும்பைக் கணிக்க முடியாது. எந்தக் குடும்பம் என்று சொன்னால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு பிழை சுலபமாக வரும். நீர்நாய்க் குடும்பத்தில் பத்து இனம், பூனைக் குடும்பத்தில் பத்து இனம் எடுத்து ஒரே வரைபில் இருபது புள்ளிகள் போட்டால் ஏதோ ஒரு கோடு வரத்தான் செய்யும். ஆனால் அந்த இருபதும் இருபது தனிச் சாட்சிகள் அல்ல. ஒரே வீட்டில் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு ஊரே சொன்னது என்பது போன்றது அது. இனங்களுக்கிடையிலான உறவுமுறையைக் கணக்கில் சேர்த்துத் திருத்தாமல் வெளியான பழைய வரைபுகளை நம்பி எதையும் முடிவெடுக்காதீர்கள்.

பூனையில் ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், இல்லாமல் அல்ல, மிகச் சிறியதாக இருப்பதால். வீட்டுப் பூனையின் எக்ஸ்ரேயில் சில நேரம் அரிசிக் குறுணி போல ஒரு நிழல் தெரியும், பல நேரம் தெரியாது. ஏன் சிறியது என்பதற்கு அதிகம் பேசப்படும் விளக்கம் புணர்ச்சியின் நேரம். பூனைக்கு அது சில விநாடி வேலை. நாய் பின்னிக்கொண்டு நிற்பதைத் தெருவில் எல்லோரும் கண்டிருப்பீர்கள், கால் மணி, அரை மணி என்று போகும். மிங்க் போன்றவற்றில் மணிக்கணக்கிலும் நீளும். நேரம் நீண்டால் உள்ளே தாங்கி நிற்கவும், சிறுநீர்க்குழாய் நசுங்காமல் இருக்கவும் ஓர் எலும்பு உதவும் என்பது வாதம். 1995இல் அலன் டிக்சன் ஊனுண்ணிகளிலும் சீல் இனங்களிலும் நீண்ட புணர்ச்சிக்கும் நீண்ட எலும்புக்கும் தொடர்பு காட்டினார். 2002இல் லாரிவியேர், ஃபெர்கசன் இருவரும் வட அமெரிக்க ஊனுண்ணிகளை எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. 2016இல் பிரிண்டிலும் ஓப்பியும் பெரிய தரவோடு, 3 நிமிடத்துக்கு மேல் நீளும் இனங்களில் எலும்பு நீளம் என்று மறுபடி நிறுவினார்கள். தராசு இப்போது நேரம் என்ற விளக்கத்தின் பக்கம் சாய்கிறது என்பது என் கருத்து.

இன்னொரு விளக்கமும் உண்டு: புணர்ச்சியின் தூண்டலால்தான் முட்டை வெளிவரும் இனங்களில், அந்தத் தூண்டலுக்காக எலும்பு பெரிதானது என்பது. இது தனித்து நிற்காது. பூனையிலும் முட்டை தூண்டலால்தான் வெளிவருகிறது, எலும்போ குறுணி. நாயில் தூண்டல் தேவையில்லை, எலும்போ விரல் நீளம்.

இப்போது உங்கள் முதற்கேள்விக்கு வருகிறேன், அதாவது ஒரே இனத்துக்குள் பெரிய ஆணுக்குப் பெரிய எலும்பா. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கணக்கு இப்படி. உடம்பும் எலும்பும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால், உடல் நீளம் இரண்டு மடங்காகும்போது எலும்பின் நீளமும் இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு. ஆகவே எலும்பு நீளத்தின் மடக்கையை (log) உடல் நீளத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்தால் படித்திறன், அதாவது கோட்டின் சாய்வு, 1 வரவேண்டும். உடல் எடைக்கு எதிரே வரைந்தால் மூன்றில் ஒன்று. அதைவிடக் கூட வந்தால், பெரிய ஆண்களுக்கு அளவுக்கு மிஞ்சிய எலும்பு என்று பொருள். குறைய வந்தால், உடம்பு எவ்வளவு மாறினாலும் எலும்பு ஒரு நடுத்தர அளவை விட்டு அதிகம் நகரவில்லை என்று பொருள். உயர்தரத்தில் மடக்கை படித்தவர் என்றால் இது உங்களுக்குப் புதிதல்ல.

மானின் கொம்பு, நண்டின் பெரிய கொடுக்கு போன்ற காட்டிப் போட்டியிடும் உறுப்புகள் பெரும்பாலும் முதல் வகை. பூச்சி, சிலந்திகளின் இனப்பெருக்க உறுப்புகள் இரண்டாம் வகை என்று 1998இல் எபர்ஹார்டும் கூட்டாளிகளும் பல இனங்களை அளந்து காட்டினார்கள். அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது: ஆண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது சந்திக்கப்போகும் பெண்களில் அதிகமானவை நடுத்தர அளவுதான், ஆகவே நடுத்தர அளவுக்குப் பொருந்துவதே இலாபம். வீடு பெரிதானால் வாசற்கதவு பெரிதாகும், திறப்பு பெரிதாவதில்லை அல்லவா, அப்படி. பாலூட்டிகளில் அது அவ்வளவு நேராக இல்லை. வட அத்திலாந்திக்கின் ஹார்ப் சீலில் எலும்பு உடம்பை முந்திக்கொண்டு வளர்ந்தது. நீர்நாய்க் குடும்பத்துச் சிறு விலங்குகளில், வளர்ந்த ஆண்களை மட்டும் பிரித்து எடுத்தால், உடம்போடு உள்ள தொடர்பு பெரும்பாலும் தளர்வாகவே வருகிறது. பெரிய ஆணுக்குச் சற்றுப் பெரியது, ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை.

"வளர்ந்த ஆண்களை மட்டும்" என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் கந்தளாய் வீதியில் சில மாத இடைவெளியில் இரண்டு ஆண் நரிகள் அடிபட்டுக் கிடந்தன. இரண்டையும் பரிசோதித்தேன். முதலாவது மூக்கிலிருந்து வாலடி வரை இரண்டாவதைவிட இரண்டு விரற்கடை நீளம். ஆனால் அதன் எலும்பு மெல்லியது, பின்முனை வழுவழுவென்று, நகத்தால் அழுத்தினால் ஓரத்தில் குருத்தெலும்பு இளகியது. குட்டையான நரியின் எலும்போ தடித்து, பின்முனை சொரசொரவென்று தசை பிடித்த தழும்புகளோடு, கையில் வைத்தால் பாரம் தெரிந்தது. வாயைத் திறந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. நீளமானதன் பல் புதுக்கருக்கு மாறாதது, மற்றதன் வேட்டைப் பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. உடம்பு முதல் வருடத்திலேயே ஏறக்குறைய முழு நீளத்துக்கு வந்துவிடுகிறது, எலும்பு பின்தங்கி, பருவம் வந்த பிறகே தடிக்கிறது.

இரண்டு நரியை வைத்து விதி சொல்ல முடியாது. ஆனால் நீர்நாய்க் குடும்பத்தில் இது உறுதியாக நிறுவப்பட்ட ஒன்று. ஸ்டோட், வீசல், மிங்க் ஆகியவற்றில் இளையதையும் வளர்ந்ததையும் பிரிக்க இந்த எலும்பின் எடையையே ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். முதல் வருட ஆணில் இலேசான குச்சி, அடுத்த இனப்பெருக்கக் காலத்தில் அடியில் திரண்ட குமிழோடு பாரமான தடி. இதை ஓட்டுவது விதையிலிருந்து வரும் ஆண் ஹோர்மோன். அமெரிக்காவில் மொன்டானாவில் ஃபிலிப் ரைட் என்பவர் 1950 அளவில் இளம் வீசல்களின் விதையை அகற்றி வளர்த்துப் பார்த்தார்; உடம்பு வளர்ந்தது, எலும்பு இளம் வடிவத்திலேயே நின்றுவிட்டது.

இப்போது யோசியுங்கள். ஓர் ஆள் குட்டி, இளையது, வளர்ந்தது எல்லாவற்றையும் ஒரே வரைபில் போடுகிறார். சிறிய உடம்போடு மெல்லிய எலும்பும் பெரிய உடம்போடு தடித்த எலும்பும் சேர்ந்து நிற்கும், கோடு செங்குத்தாக எழும்பும். பெரிய ஆணுக்கு அளவுக்கு மிஞ்சிய எலும்பு என்று அவர் எழுதிவிடுவார். உண்மையில் அவர் கண்டது வயதுக்கு வந்ததையும் வராததையும்தான். ஹார்ப் சீல் போன்ற ஆய்வுகளில் வளர்ச்சிப் பருவமும் சேர்ந்திருப்பதை நினைவில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். எடையை உடற்பருமனாக எடுப்பதும் இதே மாதிரிச் சிக்கல். குளம் வற்றிய காலத்தில் பட்டினி கிடந்த நீர்நாயின் எடை அதன் சட்டத்தைச் சொல்லாது. மண்டையோட்டின் நீளம் அல்லது முழு உடல் நீளம்தான் நம்பகமான அளவு. அளவில் பிசகு கூடக்கூட, சாதாரணமாகப் போடும் நேர்கோட்டின் படித்திறன் தானாகவே தாழ்ந்துபோகும். அதையும் சிலர் இயற்கையின் விதி என்று எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் 6 செ.மீ. எலும்பிலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 8 கிலோ நரி ஒன்று, 10 கிலோ நரி ஒன்று. முழு விகிதத்தில் வளர்ந்தால்கூட, எடை கால் பங்கு கூடும்போது நீளம் நூற்றுக்கு 8 அளவுதான் கூடும். 6 செ.மீ. என்பது 6.5 செ.மீ.க்கு வந்து நிற்கும், அவ்வளவுதான். ஒரே எடையுள்ள இரண்டு வளர்ந்த ஆண்களுக்கிடையிலேயே அந்த அரை செ.மீ. வித்தியாசம் இருப்பது சாதாரணம். திருப்பிப் பார்த்தால் இன்னும் மோசம். நீளத்தில் அரை செ.மீ. பிசகு என்றால் எடையில் நூற்றுக்கு 27 பிசகு. படித்திறன் மூன்றில் ஒன்றுக்குப் பதிலாக ஆறில் ஒன்று என்றால், அதே அரை செ.மீ. எடையில் நூற்றுக்கு 60ஐத் தாண்டிவிடும். 8 கிலோவா 13 கிலோவா என்று தெரியாத ஒரு கணிப்பினால் யாருக்கு என்ன பயன்? ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இல்லை, இந்த எலும்பை வைத்து நரியின் பருமனைச் சொல்ல முடியாது. ஆணா என்று சொல்லலாம், அதில் ஐயமில்லை. வயதுக்கு வந்ததா என்று ஓரளவு சொல்லலாம். நீர்நாய்க் குடும்பத்தில் சொல்வது போல அடித்துச் சொல்ல முடியாது, பல்லையும் மண்டையோட்டுப் பொருத்துகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், நீளத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. 2013இல் லிவர்பூலில் வீட்டெலிகளை அடைத்து வளர்த்துப் பார்த்த ஸ்டொக்லியின் குழு, எந்த ஆணுக்கு அதிகக் குட்டிகள் என்பதை எலும்பின் அகலம் சொல்லியது, நீளம் சொல்லவில்லை என்று கண்டது. ஊனுண்ணிகளிலும் முனையின் வடிவம் இனத்துக்கு இனம் வேறு, மிங்க்கில் கொக்கி போல வளைந்திருக்கும். ஸ்கேலால் நீளத்தை மட்டும் அளந்தால் இவை எல்லாம் தப்பிப் போகும்.

இந்த எலும்பைப் பற்றி நான் அக்கறைப்படுவதற்கு இன்னொரு காரணம் நீர்நாய். இலங்கையில் அந்தக் குடும்பத்தில் இருப்பது ஒரே ஓர் இனம்தான், பிரித்தானிய ஆறுகளில் வாழும் அதே இனம். அங்கே கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் வீதியில் அடிபட்ட நீர்நாய்களைப் பல வருடங்களாகச் சேர்த்துப் பரிசோதிக்கிறார்கள். ஆண்களின் இந்த எலும்பின் எடை காலப்போக்கில் குறைந்து வந்திருக்கிறது என்று 2013இல் அறிவித்தார்கள். ஹோர்மோனைக் குழப்பும் இரசாயனங்கள் காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் அதில் எழுப்பப்பட்டது. எடை குறைந்தது அளந்து கண்ட உண்மை, காரணம் இன்னும் ஐயம்தான். நம் பக்கம் வயலுக்கு அடிக்கும் மருந்து எல்லாம் வாய்க்கால் வழியே குளத்துக்கும், அங்கிருந்து கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும்தான் போகிறது. அந்தத் தண்ணீரில் நண்டும் மீனும் தின்று வாழும் விலங்கு இது. வீதியில் அடிபட்ட ஒவ்வொரு ஆண் நீர்நாயிலிருந்தும் உடல் நீளம், மண்டையோட்டு நீளம், இந்த எலும்பின் நீளம், எடை என நான்கு எண்களை யாராவது ஒழுங்காகக் குறித்து வந்தால், இருபது வருடத்தில் அது எவ்வளவு பெறுமதியான பதிவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அதை நீங்கள் தனியாகச் செய்யப் போகாதீர்கள். நீர்நாய், கொடுப்புலி போன்றவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அவற்றின் பாகங்களை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகலாம். செத்த விலங்கைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். புதிதாகச் செத்த நரியை வெறுங்கையால் தொடவே வேண்டாம், விசர் நோய் நரியிலும் வரும். காய்ந்து வெளுத்த எலும்பில் அந்தப் பயம் இல்லை.

நீங்கள் போட்ட படத்தில் எலும்பின் முன்முனைதான் தெரிகிறது. குழிவு மேலே பார்க்கும்படி வைத்து, பின்முனையைக் கிட்ட எடுத்த படம் ஒன்றும், நரியின் கீழ்த்தாடைப் பற்கள் தெரியும்படி ஒன்றும் போடுங்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வையுங்கள், அளவு தெரியட்டும். அது முதல் வருடத்து இளசா, பருவம் வந்த ஆணா என்று பார்த்துச் சொல்கிறேன்.